காண்டாமிருக வண்டுப் புழுவின் குடலில் புது பாக்டீரியா: பேர் வைத்துவிடலாமா?

மார்ச் 4, மாலை (கேள்வி)

மலேசியாவில் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் (எண்ணெய்ப்பனைத் தோட்டம்) இருக்கிறோம். மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. லீவுக்கு வந்தவள், மறுநடவு நடந்த இடத்தில் அழுகிக் கிடந்த மரத்தைப் பிளந்து காண்டாமிருக வண்டின் புழுக்களை எடுத்துக்கொண்டு போனாள். அதன் குடலிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்துவிட்டாளாம். 16எஸ் ஜீனைப் படித்துப் பார்த்ததில், இதுவரை பேர் வைத்த எந்த இனத்தோடும் 97.9 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்கிறாள். அப்படியானால் புது இனம் உறுதிதானே? எப்போது அறிவிக்கலாம்? எங்கள் ஊர்ப் பேரை வைக்க வேண்டும் என்று ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

உறுதி என்று சொல்ல முடியாது அண்ணே. சந்தேகப்பட நல்ல காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் ஆராய்ச்சியாளன் கிடையாது. ஓர் ஆய்வுக்கூடத்தில் அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) ஊற்றி, தட்டு அடுக்கி, டியூப்புக்கு லேபல் ஒட்டிய ஆள். ஆனால் இந்த வேலையை அடிமட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

16எஸ் என்பது சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஜீன். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது, மெதுவாக மாறுகிறது. 1970களில் கார்ல் வோஸ் இதைப் பிடித்துக்கொண்டுதான் உயிர்களின் வம்சாவளியையே மாற்றி எழுதினார். முன்பெல்லாம் ஒப்புமை 97 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் புது இனம் என்று பேச்சு எடுப்பார்கள். இப்போது கோடு 98.7க்கு ஏறிவிட்டது. உங்கள் மகளின் எண் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. சரி.

ஆனால் அவளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஜீனை முழுசாகப் படித்தாளா, ஒரு பக்கத்திலிருந்து 700 எழுத்து மட்டுமா? ஓரத்தில் குப்பை எழுத்துகள் விழும். 700இல் நாலு எழுத்து தப்பாக விழுந்தால் போதும், விழுக்காட்டில் அரைப் புள்ளி போய்விடும். அடுத்து, எதோடு ஒப்பிட்டாள்? பொதுத் தரவுத்தளத்தில் கண்டவர் ஏற்றிய, தப்பான பேர் ஒட்டிய வரிசைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு வளர்ப்பு, அதாவது கூடத்தில் உயிரோடு வளர்த்து வைத்திருக்கும் மாதிரி, உண்டு, டைப் ஸ்ட்ரெய்ன் என்பார்கள். கடைத் தராசைச் சரிபார்க்க முத்திரைப் படிக்கல் வைத்திருப்பது மாதிரி. அதோடு ஒப்பிட்ட எண்தான் செல்லுபடியாகும்.

மார்ச் 5, காலை

நேற்று சொன்னதன் மறுபக்கம். எண் 98.7க்கு மேலே இருந்தால் பழைய இனம்தான் என்றும் முடிவு கட்ட முடியாது. ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி, ஆறிப்போன சோற்றில் பெருகி வயிற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸ், நம் தோட்டங்களில் உலாட் புங்குஸ் என்கிற பைப்புழுவுக்கு அடிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், மூன்றுக்கும் 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆளைக் கொல்வதா, வயிற்றைக் கலக்குவதா, புழுவை மட்டும் கொல்வதா என்பதைப் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையங்களில் உள்ள ஜீன்கள் தீர்மானிக்கின்றன.

அதனால் இப்போது முழு ஜீனோம், அதாவது கிருமியின் மொத்த டிஎன்ஏ வரிசை, இல்லாமல் யாரும் பேச ஆரம்பிப்பதில்லை. பக்கத்து இனத்தின் ஜீனோமோடு வைத்துப் பார்த்து, சராசரி ஒப்புமை 95 - 96 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தனி இனம். இதற்கு முன்னால் இரண்டு டிஎன்ஏவையும் சூடாக்கிப் பிரித்து, கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பார்கள். 70 விழுக்காடுதான் அதன் எல்லை, 1987இல் வகுத்தது. இன்று அதையும் கணினியிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பழைய முறையைச் செய்த கைகள் எனக்குத் தெரியும். அந்த அக்கா இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைச் சுளிப்பார்.

மார்ச் 5, மதியம்

ரவூப் நண்பர் "புழுவைப் பிடித்த கையோடு சாப்பிட்டவர்கள் உண்டா" என்று கேட்கிறார். கேலிக்குத்தான் கேட்கிறார். ஆனால் கையுறை விஷயம் கேலி இல்லை. நம் நாட்டு மண்ணில் பர்கோல்டேரியா சூடோமாலை இருக்கிறது, மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருவது. நீரிழிவு உள்ளவர்கள் மழைக்காலத்தில் வெறுங்கையால் ஈர மண்ணையும் அழுகிய மரத்தையும் கிளறுவது நல்லதல்ல. தோட்டத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது?

இந்தக் கிருமியே பேர் மாறி மாறி வந்த ஒன்று. விட்மோர் ரங்கூனில் 1911 வாக்கில் கண்டார். பேசில்லஸ் என்றார்கள், நடுவில் வேறு சில பேர்கள், அப்புறம் நீண்ட காலம் சூடோமோனாஸ், 1992இல் பர்கோல்டேரியா. ஒரு தடவை பேர் வைத்தால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மார்ச் 7

இப்போது எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி. அந்த பாக்டீரியா குடலில் *வாழ்கிறதா*, குடல் வழியாகப் *போய்க்கொண்டிருந்ததா*?

மூன்றாம் பருவத்துப் புழுவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரலைவிடப் பருமன், மோர் நிறம், தலை மட்டும் பழுப்பு, பிறை மாதிரி வளைந்து கிடக்கும். பின்பாதி மட்டும் சாம்பல் கறுப்பாக இருக்கும். அது தோலின் நிறம் இல்லை. உள்ளே நிரம்பியிருக்கும் மரத்தூள் சக்கை தோல் வழியாகத் தெரிகிறது. அங்கேதான் பின்குடல் பை மாதிரி உப்பியிருக்கிறது.

நாங்கள் செய்தது இப்படி. புழுவை ஐஸ் மேல் வைத்து மயங்க விட்டு, 70 விழுக்காட்டு எத்தனாலில் முக்கி எடுத்து, கொதித்து ஆறிய நீரில் அலசி, அந்தக் கடைசி அலசு நீரையும் ஒரு தட்டில் ஊற்றுவோம். அந்தத் தட்டில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால், தோலில் ஒட்டியிருந்ததைக் குடல் கிருமி என்று எண்ணி ஏமாறப் போகிறோம் என்று அர்த்தம். அப்புறம் தலைக்குப் பின்னால் நுனிக் கத்தரிக்கோலை விட்டு முதுகோடு வெட்டினால் கொழுப்பு வெள்ளையாகப் பிதுங்கும். அதை ஒதுக்கினால் குடல் ஒற்றைக் குழாயாக வரும். நடுக்குடலைக் கீறி பிஎச் தாளைத் தொட்டால் கருநீலமாகிவிடும். இந்த வகைப் புழுக்களின் நடுக்குடல் அவ்வளவு காரம், பிஎச் 10ஐத் தாண்டுவதும் உண்டு. இரண்டு விரற்கடை தள்ளிப் பின்குடலில் அதே தாளைத் தொட்டால் பச்சை. நடுநிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரே புழுவுக்குள் இந்த இரண்டையும் பார்க்கிறபோது, எந்தக் கிருமி எங்கே பிழைக்கும் என்பது புத்தகத்தைப் பார்க்காமலே புரிந்துவிடும்.

பின்குடலின் நடுவில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே மரச்சக்கையைப் புளிக்க வைத்து அசிட்டிக் அமிலம் போன்றவற்றைப் புழுவுக்குத் தரும் கூட்டம் இருக்கிறது. கீறியதும் வரும் புளித்த நெடிக்குக் காரணம் அதுதான். இப்போது யோசியுங்கள். உங்கள் மகள் சாதாரண இன்குபேட்டரில், சாதாரண அகாரில் வளர்த்தாளா? அப்படியானால் காற்றில் வளரக்கூடிய சிறுபான்மைதான் தட்டில் முளைத்திருக்கும். அது அழுகிய செம்பனை மரத்தில் இருந்த சாதாரண மண் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். புழு மரத்தோடு சேர்த்து விழுங்கியிருக்கும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதே மரத்தூளை எடுத்து அதே மாதிரித் தட்டில் போட வேண்டும். வேறு தோட்டத்துப் புழுக்களைப் பிளந்து பார்க்க வேண்டும். மரத்தில் அரிதாகவும் குடலில் தாராளமாகவும், அதுவும் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பவும் கிடைத்தால் குடல்வாசி என்று தைரியமாக எழுதலாம். கிடைக்காவிட்டால் "குடலிலிருந்து பிரித்தெடுத்தது" என்று மட்டும் எழுத வேண்டும். இனம் புதிதாக இருப்பதற்கு இது தடையே இல்லை. இடம் பற்றிய பேச்சில்தான் அடக்கம் வேண்டும்.

மார்ச் 7, பின்னிரவு

மேலே எழுதியதோடு சேர்த்து: பூப்பிரியர் வண்டான பாக்நோடா மார்ஜினேட்டாவின் புழுவில் பின்குடலிலிருந்தே எடுத்து, செல்லுலோஸ் வகையைச் சிதைப்பதையும் காட்டி, 2003இல் ப்ரோமைக்ரோமோனோஸ்போரா பாக்நோடே என்று விவரித்தார்கள். வண்டின் பேரையே இனப் பேராக்கிவிட்டார்கள். நல்ல முன்மாதிரி. உங்கள் மகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 9

பேருக்கு வருவோம், அண்ணன் அதற்குத்தானே காத்திருக்கிறார்.

ஊர்ப் பேர் தாராளமாக வைக்கலாம். குளுவாங்கென்சிஸ் என்று வரும். லத்தீன் இலக்கணத்துக்கு ஒத்துப்போக வேண்டும், பேரின் பிறப்பு விளக்கம் ஒரு வரி எழுத வேண்டும். இலக்கணம் தப்பினால் விடமாட்டார்கள். வயிற்றுப்புண் கிருமியை 1985இல் காம்பைலோபாக்டர் பைலோரிடிஸ் என்றார்கள், இலக்கணம் சரியில்லை என்று 1987இல் பைலோரி ஆக்கினார்கள், 1989இல் பேரினமே மாறி ஹெலிகோபாக்டர் பைலோரி ஆயிற்று. மனிதர் பேரும் வைக்கலாம். ஆனால் தன் பேரையும் கூட எழுதுபவர்களின் பேரையும் தவிர்க்கச் சொல்கிறது பாக்டீரியாவுக்குப் பேர் வைக்கும் விதிநூல். பேராசிரியர் பேரை வைத்து மதிப்பெண் வாங்கலாம் என்ற யோசனை இருந்தால், அவரும் கட்டுரையில் எழுத்தாளராக இருப்பார், பலிக்காது.

தெலுக் இந்தான் தம்பி "பேப்பரில் போட்டுவிட்டால் பேர் நிலைத்துவிடும் அல்லவா" என்கிறார். இல்லை தம்பி. 1980 ஜனவரி 1ஆம் தேதி பழைய பேர்களையெல்லாம் அலசி, அங்கீகரித்த பட்டியல் ஒன்றைப் போட்டார்கள். அதில் இல்லாத பழைய பேர்கள் நிலை இழந்தன. அதற்குப் பிறகு வரும் பேர் ஒன்று ஐஜேஎஸ்இஎம் என்ற நுண்ணுயிர் வகைப்பாட்டு ஆய்விதழில் வர வேண்டும், அல்லது வேறு எங்கோ வந்து அந்த இதழின் செல்லுபடிப் பட்டியலில் ஏற வேண்டும். செய்தித்தாளில் மகளின் படம் வந்தால் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பேருக்கு அது கணக்கில்லை.

மார்ச் 9, இரவு

விவரிப்பு என்றால் என்ன செய்வார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் பாதி சலிப்பான வேலை.

செல் என்ன வடிவம், எவ்வளவு நீளம், நகருமா. கிராம் சாயம் பிடிக்குமா. எந்த வெப்பத்தில் வளரும், எதில் நிற்கும். எந்த பிஎச். உப்பு எத்தனை விழுக்காடு வரை தாங்கும், அதற்கு வரிசையாக டியூப் அடுக்கி நாள்தோறும் கலங்கலைப் பார்க்க வேண்டும். எந்தச் சர்க்கரையைத் தின்னும். செல் சவ்வில் என்னென்ன கொழுப்பமிலங்கள், எந்த குயினோன், ஜீனோமில் ஜி, சி எழுத்துகளின் பங்கு எவ்வளவு.

இதில் சிக்கல் எங்கே தெரியுமா? கொழுப்பமிலம் வளர்க்கிற வெப்பம், அகார், வயது எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். ஆகவே புதியதை மட்டும் அளந்தால் போதாது. அதன் நெருங்கிய சொந்தங்களின் டைப் ஸ்ட்ரெய்ன்களை வாங்கி, பக்கத்தில் வைத்து, ஒரே தட்டு, ஒரே வெப்பம், ஒரே நாளில் வளர்த்து அளக்க வேண்டும். அவை ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக்கில் உள்ள டிஎஸ்எம்இசட், ஜப்பானில் ஜேசிஎம் போன்ற சேகரிப்புகளிலிருந்து வர வேண்டும். காசு, இறக்குமதி அனுமதி, காத்திருப்பு. ஒரு மாணவியின் இறுதியாண்டுத் திட்டத்துக்குள் அடங்குகிற வேலை இல்லை. மகள் மேல்படிப்புக்குப் போகிறாள் என்றால் சரி.

மார்ச் 13

இதுவரை எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தால், முக்கியமானதை இன்னும் எழுதவில்லை.

பாக்டீரியாவில் பேர் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், *உயிருள்ள ஒரு வளர்ப்பில்*. வண்டுக்கு அப்படி இல்லை. செத்த வண்டை ஊசி குத்தி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்தால் போதும். நூறு வருடம் கழித்தும் திறந்து பார்க்கலாம். பாக்டீரியாவின் டைப் ஸ்ட்ரெய்னை உயிரோடு, இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள, யாரும் கேட்டு வாங்கக்கூடிய இரண்டு சேகரிப்புகளில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டோம் என்ற சான்றையும் இணைத்தால்தான் பேர் செல்லும். காப்புரிமைக்காகப் பூட்டிவைத்த வளர்ப்பு ஆகாது. "எங்களிடம் மட்டும் இருக்கிறது, கேட்டால் யோசித்துத் தருவோம்" என்பதும் ஆகாது.

ஏன் இவ்வளவு கறார் என்று எனக்கு ஒரு காலத்தில் எரிச்சலாக இருந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தீபாவளி லீவுக்குப் பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

மைனஸ் எண்பது ஃப்ரீசர் இரண்டாம் மாடியில். லீவில் மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. ஃப்ரீசரின் அலாரம் பூட்டிய அறைக்குள் கத்தியிருக்கும், கேட்க ஆள் இல்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது உள்ளே குளிர் இருந்தது, அதனால் முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டியை இழுத்தால் வரவில்லை. உருகி வழிந்த உறைபனி மறுபடி உறைந்து, பெட்டிகளைத் தட்டோடு ஒட்டிவிட்டிருந்தது. கிருமிகளைக் கிளிசராலில் கலந்து உறைய வைத்த டியூப்புகளில் மையால் எழுதிய எண்கள் ஊதாப் புகையாகக் கலைந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டில் இழுத்துப் பார்த்தோம். வலுவான கிருமிகள் வந்துவிட்டன, ஈ. கோலை மாதிரியானவை எதற்கும் சாகாது. பின்குடலிலிருந்து ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் கஷ்டப்பட்டு வளர்த்த ஒன்று மட்டும் வரவே இல்லை. அதன் ஜீனோம் முழுசாக எங்கள் கணினியில் இருந்தது. கொழுப்பமில அட்டவணை இருந்தது. ஜெர்மனிக்கு அனுப்பப் பாரம் நிரப்பி மேசை மேல் வைத்திருந்தது. பேரைக்கூட முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

உயிர் இல்லை, ஆகவே இனமும் இல்லை. அந்தத் தோட்டத்தில் அந்த மரங்கள் அதற்குள் மண்ணாகி, இளஞ்செடிகள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டிருந்தன. திரும்பப் போய் எடுத்த புழுக்களில் அது கிடைக்கவில்லை.

அதனால் அண்ணே, மகளிடம் பேர் என்ன என்று கேட்பதை நிறுத்திவிட்டு, டியூப் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மார்ச் 14

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் ஒன்று சரியான கேள்வி: ஜீனோம் கையில் இருக்கிறதே, அதை வைத்தே பேர் வைக்கக் கூடாதா?

வைக்கலாம், வேறு வழியில். வளர்க்க முடியாதவற்றுக்கு 1990களிலிருந்து கேண்டிடேட்டஸ் என்ற முன்னொட்டு உண்டு. தற்காலிகப் பேர், முதலில் வைத்த பேர் என்ற முன்னுரிமை கிடையாது. 2022இல் சீக்கோடு என்ற தனி விதிநூல் வந்தது. அதில் நல்ல தரமான ஜீனோம் வரிசையே டைப் ஆகலாம். ஒரு பக்கம் அதை வரவேற்கிறார்கள், இன்னொரு பக்கம் உயிரில்லாத பேரா என்று முறைக்கிறார்கள். அந்த ஃப்ரீசருக்குப் பிறகு எனக்கு இரண்டு பக்கமும் மனசு போகிறது. எங்கள் கிருமிக்குச் சீக்கோடு அப்போது இருந்திருந்தால் ஒரு பேராவது மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தப் பேரை வைத்து யாரும் அதை வளர்த்து, அது மரத்தை எப்படித் தின்கிறது என்று பார்த்திருக்க முடியாது.

மார்ச் 16

சபா நண்பர் சாகோ புழுவை வறுத்த படம் போட்டு "இதன் குடலில் என்ன இனம்" என்கிறார். காலையில் பசியாறும் நேரத்தில் பார்த்துத் தொலைத்தேன்.

அது காண்டாமிருக வண்டின் புழு இல்லை, சிவப்புக் கூன்வண்டு வகையின் புழு. கூன்வண்டுகளில் குடலைவிடச் சுவாரசியமான குடித்தனம் ஒன்று இருக்கிறது. நார்டோனெல்லா என்ற பாக்டீரியா, குடலை ஒட்டிய ஒரு தனி உறுப்பின் செல்களுக்குள்ளேயே வாழ்கிறது, தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பல கோடி ஆண்டு குடித்தனத்தில் தன் ஜீன்களைத் தொலைத்துத் தொலைத்து, ஜீனோமே சுமார் 2 லட்சம் எழுத்துக்குச் சுருங்கிவிட்டது. (ஈ. கோலைக்குச் சுமார் 46 லட்சம்.) மிச்சம் வைத்திருக்கும் முக்கிய வேலை டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் தயாரிப்பு. வண்டின் ஓடு கறுத்து இறுகுவதற்கு டைரோசின் வேண்டும். 2017இல் ஜப்பானியர்கள் இதைக் காட்டினார்கள். நார்டோனெல்லாவைக் குறைத்தால் ஓடு சிவந்து மெலிந்து போகிறது. இதை வெளியே எடுத்துத் தட்டில் வளர்க்க முடிந்ததில்லை. ஆகவே கேண்டிடேட்டஸ் பேர்தான்.

வறுத்தால் எல்லாம் ஒன்றுதான், சாப்பிடுங்கள்.

மார்ச் 17

"இந்தப் பாக்டீரியாவைப் பெருக்கி விட்டால் காண்டாமிருக வண்டை ஒழிக்கலாமா?" எதிர்பார்த்த கேள்விதான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. மறுநடவுத் தோட்டத்தில் இளஞ்செடியின் குருத்தில் ஓட்டை போட்டு, ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி முக்கோணம் முக்கோணமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் வரும். மரத்தைச் சாய்த்து எரிப்பதைக் கைவிட்ட பிறகு அழுகும் மரங்கள் புழுவுக்கு வீடாகிவிட்டன.

ஆனால் குடலில் சுகமாக வாழும் கிருமி பெரும்பாலும் புழுவின் கூட்டாளி. கொலைகாரன் வேறு ஆள். அமெரிக்காவில் ஜப்பானிய வண்டுக்கு எதிராக இப்போது பேனிபேசில்லஸ் பொப்பில்லியே என்று அழைக்கும் கிருமியை 1940இல் விவரித்தார்கள். புழுவின் ரத்தம் பால் மாதிரி வெளுக்கும். அதன் வித்துகளைத் தொட்டியில் போதுமான அளவு உற்பத்தி செய்ய முடியாமல், உயிருள்ள புழுக்களைப் பிடித்து அவற்றுக்குள்ளேயே வளர்த்து விற்றார்கள். நியூசிலாந்தில் புல்லைத் தின்னும் புழுவுக்குச் செராஷியா என்டோமோஃபிலா, 1988இல் பேர் பெற்றது. இரண்டும் நோய்க்கிருமிகள், தேடிப் பிடித்தவை.

நம் வண்டுக்கு நம் நாட்டிலேயே ஒன்று கிடைத்தது. பாக்டீரியா இல்லை, வைரஸ். 1963இல் அலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானியர் மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் நோயுற்ற புழுக்களிலிருந்து அதைக் கண்டார். 1967இல் அதைச் சமோவாவுக்குக் கொண்டுபோய் விட்டதும், தென்னையை வாட்டிய வண்டு அங்கே வெகுவாகக் குறைந்தது. பசிபிக் தீவுகளில் பலருக்கும் தெரிந்த கதை இது. இங்கே தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. 2007இல் குவாம் என்ற பசிபிக் தீவில் நுழைந்த காண்டாமிருக வண்டு வகைக்கு அந்த வைரஸ் சரியாகப் பிடிக்கவில்லை என்பது அடுத்த தலைவலி.

மார்ச் 21

ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருக்கிறார்: "இத்தனை பாடுபட்டு ஒரு வண்டுக்குடல் கிருமிக்குப் பேர் வைத்து யாருக்கு என்ன லாபம்?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

வண்டுகளில் பேர் வைத்தவை மட்டும் சுமார் நான்கு லட்சம் இனங்கள். ஒவ்வொன்றின் குடலிலும் ஒரு கூட்டம். பாக்டீரியாவில் முறைப்படி பேர் வைத்த இனங்கள் இருபதாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. பேரில்லாதது இவ்வளவு இருக்கும்போது, ஒன்றுக்குப் பேர் வைப்பது பெரிய சாதனை என்று நான் நினைக்கவில்லை. சில கட்டுரைகளைப் படித்தால் ஒரே ஒரு வளர்ப்பை வைத்துக்கொண்டு அட்டவணை நிரப்பி அனுப்பியது தெரியும். ஒரே ஓர் ஆளைப் பார்த்து ஊர்க்காரர் எல்லோரும் உயரம் என்று எழுதுகிற கதை. முடிந்தால் நாலைந்து வளர்ப்பாவது, வெவ்வேறு புழுக்களிலிருந்து வேண்டும்.

ஆனால் முறையாகச் செய்தால், பேரோடு சேர்த்து ஒரு பொருள் மிஞ்சுகிறது. காப்பிக் கொட்டையைத் துளைக்கும் வண்டு எவ்வளவு காஃபீன் தின்றும் எப்படிப் பிழைக்கிறது என்று 2015இல் பார்த்தார்கள். அதன் குடலில் உள்ள சூடோமோனாஸ் ஃபுல்வா காஃபீனைச் சிதைத்துவிடுகிறது. அதற்கு ஏற்கெனவே ஒரு பேரும், சேகரிப்பில் ஒரு டைப் ஸ்ட்ரெய்னும் இருந்ததால், கண்டவர்களால் அது எது என்று உடனே சொல்ல முடிந்தது. நாளைக்குச் செம்பனை மரச்சக்கையை என்ன செய்வது என்று யோசிக்கும் ஒருவருக்கு, குளுவாங் புழுவின் பின்குடலிலிருந்து எடுத்த கிருமி ஒன்று ஏதோ ஒரு நாட்டு ஃப்ரீசரில் எண் போட்டு இருப்பது உதவலாம், உதவாமலும் போகலாம். கேட்டால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 22

அண்ணன் தனியாகக் கேட்டது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே. வெளிநாட்டுச் சேகரிப்புக்கு அனுப்புவதற்கு முன் உள்ளூர் அனுமதி வேண்டும். 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளங்கள் அணுகல், பயன்பகிர்வுச் சட்டம், சட்டம் 795, 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபார நோக்கமில்லாத ஆய்வுக்கும் அனுமதி முறை உண்டு. விதிநூலோ வளர்ப்பு யாருக்கும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. இரண்டும் இடிக்கிற இடத்தில் விண்ணப்பத்தின் வாசகம்தான் காப்பாற்றும். ஆகவே எடுத்த பிறகு ஓடாமல், அடுத்த புழுவை எடுப்பதற்கு முன்பே பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் ஒப்புதல் கடிதம் வாங்கி, எடுத்த இடம், தேதி, மரம் விழுந்த வருடம் எல்லாம் எழுதி வைக்கட்டும்.

அதுவரை கிளிசரால் டியூப் ஒரு செட் அவளுடைய கூடத்தில், ஒரு செட் வேறு கட்டடத்தில். உறைய வைத்து உலர்த்தும் வசதி இருந்தால் கண்ணாடி ஆம்ப்யூல்களாக இன்னொரு செட், அதற்கு ஃப்ரீசர் தேவையில்லை. லேபலில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.